வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

கேள்வி:

பாளையங்கோட்டை என் ஊர். வயது 27. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் தாவர மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆய்வு ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் வெள்ளி மாலை ஆய்வகத்திலிருந்து கிளம்பினால் திங்கள் காலை வரை யாரிடமும் ஒரு சொல் பேசாமல் கழிந்த வாரங்கள் பல. ஆய்வகத்தில் பதினொரு பேர் இருக்கிறோம். காலையில் வணக்கம் சொல்வார்கள், கேட்டால் உதவுவார்கள். மதிய உணவு மேசையில் இரண்டு நிமிடம் ஆங்கிலம், பிறகு ஜெர்மன். என்னைப் போலவே பேசாமல் சாப்பிடும் ஈரானியப் பெண் ஒருவரும் உண்டு. டிசம்பரில் என் பிறந்தநாளன்று ஒருவர்கூட வாழ்த்தவில்லை. இந்திய மாணவர்களின் தீபாவளிக்குப் போனேன், பேச்செல்லாம் இந்தியில். தமிழர் வாட்ஸ்அப் குழுவிலோ அறை வாடகையும், ஊரிலிருந்து வருபவரின் பெட்டியில் இடமுண்டா என்பதும்தான் பேச்சு. அம்மாவிடம் தினமும் "நல்லா இருக்கேன்" என்கிறேன். கோவையில் முதுகலை படித்தபோது விடுதியில் நல்ல தோழிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியோடு இன்றும் பேசுகிறேன். ஆனாலும் இயல்பிலேயே நான் அதிகம் பேசாதவள். குறை என்னிடம்தானோ? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குறை உங்கள் சுபாவத்தில் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோவை விடுதியிலும் நீங்கள் அதிகம் பேசாதவராகத்தான் இருந்திருப்பீர்கள். அங்கே தோழிகள் கிடைத்தார்கள். அவர்களை நீங்கள் தேடிப் போகவில்லை. ஒரே அறை, ஒரே மெஸ் வரிசை, ஒரே பேருந்து, மின்சாரம் போன இரவுகளில் ஒரே மொட்டை மாடி என்று விடுதியே நாளுக்கு ஏழெட்டு மணி நேரத்தை உங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டது. கோட்டிங்கனில் அந்த ஏற்பாட்டைச் செய்து தர யாரும் இல்லை. உங்கள் குணம் மாறவில்லை. உங்களைச் சுற்றியிருந்த நேர அமைப்புதான் மாறிவிட்டது.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்கு இடம்பெயர்ந்தவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு நெருங்க 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். விடுதியில் 200 மணி நேரம் ஒரு மாதத்திலேயே கடந்துபோகும். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: வேலையின் பொருட்டுச் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு இதில் அவ்வளவு மதிப்பில்லை. ஆகவே பக்கத்து மேசைக்காரரோடு பதினான்கு மாதம் ஒரே ஆய்வகத்தில் இருந்தும் நெருக்கம் வரவில்லையே என்று வியக்க ஒன்றுமில்லை. மணிக்கணக்கை இயந்திரம்போல் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ளும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

தனிமை என்று ஒரே பெயரால் நாம் அழைப்பதில் இரண்டு வகை உண்டு என்று ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இலேயே பிரித்துக் காட்டினார். மனத்தைத் திறந்து பேச ஓர் ஆள் இல்லாதது ஒரு வகை. நாலு பேருக்கு நடுவே நானும் ஒருத்தி என்ற உணர்வு இல்லாதது மற்றொரு வகை. ஒன்றன் குறையை மற்றொன்றால் தீர்க்க முடிவதில்லை. உங்களுக்கு முதலாவது இருக்கிறது. அம்மாவும் கோவைத் தோழியும் இருக்கிறார்கள், அவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்பது வேறு விஷயம். இல்லாமல் போனது இரண்டாவது. அதைத் தொலைபேசியால் நிரப்ப முயல்வதுதான் வெளிநாடு சென்ற ஆய்வு மாணவர்கள் பலரிடம் நான் காணும் வழக்கம். நேர வித்தியாசமும் அதற்கு ஒத்துழைப்பதில்லை: குளிர்காலத்தில் நீங்கள் மாலை ஆறரை மணிக்கு அறைக்குத் திரும்பும்போது பாளையங்கோட்டையில் இரவு பதினொரு மணி. உங்களுக்குப் பேச்சு மிகவும் தேவைப்படும் அந்த வேளையில் ஊர் உறங்கிக்கொண்டிருக்கிறது.

நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புப் பூண்ட பிசிராந்தையாரை நாம் தொலைதூர நட்புக்கு உதாரணமாகச் சொல்வோம். ஆனால் இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டில், உறையூரில் இருக்கும் அந்த நண்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், நாட்டு வேந்தன், எல்லாவற்றுக்கும் மேலாகத் தான் வாழும் ஊரில் இருக்கும் சான்றோர் என்று, தன்னைச் சுற்றி அன்றாடம் இருப்பவர்களைத்தான் அவர் காரணம் காட்டுகிறார். தூரத்து நண்பர் பெரிய செல்வம்தான். உங்களுக்கும் அது இருக்கிறது. இப்போது நீங்கள் தேடவேண்டியது கோட்டிங்கனுக்குள் இருக்கும் ஆட்களை.

முதலில் ஆய்வகம். உங்கள் மனத்தை மிகவும் காயப்படுத்தியது பிறந்தநாள் என்று தோன்றுகிறது. ஜெர்மனியில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். "மூன்று மணிக்குச் சமையலறையில் கேக் இருக்கிறது" என்று காலையில் அவரே எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அதற்குப் பிறகுதான் வாழ்த்து வரும். பிறந்தநாளுக்கு முன்னதாக வாழ்த்துவதை அங்கே அபசகுனமாகக் கருதுவார்கள் என்பதால், நாள் தெரிந்தவர்கள்கூட வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பாததை, கொண்டாட விருப்பமில்லை என்றே அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்; உங்கள் விருப்பத்தை மதிப்பதாகவே அவர்கள் நினைத்திருக்கவும் கூடும். நம் ஊரில் மற்றவர்கள் நம்மைக் கொண்டாடுவார்கள் என்று காத்திருப்பது இயல்பு; அங்கே காத்திருப்பவருக்கு ஒன்றும் வராது. கேக் கொண்டுவரப் பிறந்தநாள்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. கட்டுரை ஏற்கப்பட்டால், விடுமுறை முடிந்து திரும்பினால், கடினமான ஒரு சோதனை கடைசியில் பலித்தால் ஏதாவது கொண்டுவருவது ஆய்வகங்களில் சகஜம். ஒரு பாத்திரம் கேசரி செய்து எடுத்துப்போங்கள். நெய்யின் அளவை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மதிய உணவு மேசையில் மொழி மாறுவது அவமதிப்பு அல்ல. பத்து நிமிட ஓய்வில் தாய்மொழிக்குத் திரும்புவது எவருக்கும் இயல்பு. கோவை விடுதியில் ஒரு மணிப்பூர் மாணவி உங்களோடு சாப்பிட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மேசை முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற முயலாமல், அந்த ஈரானியப் பெண்ணின் பக்கத்தில் உட்காருங்கள். அவரும் உங்களைப் போலவே பேசாமல் சாப்பிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு மாதமாக இரண்டு பேர் ஒரே காரணத்துக்காக ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்திருக்கிறீர்கள் என்பது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம், இருவரும் வேறு மென்சாவுக்கு (பல்கலைக்கழக உணவகத்துக்கு) நடந்துபோய்ச் சாப்பிடலாம் என்று கேளுங்கள். "ஒரு நாள் போகலாம்" என்று சொன்னால் அந்த நாள் வராது. கிழமையும் மணியும் சொல்ல வேண்டும்.

அந்த நாட்டில் பொதுவாகவே இதுதான் முறை. நட்புக்கும் நாட்காட்டி உண்டு. இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமைக்கு இன்றே அழைப்பார்கள். சொல்லாமல் வாசலில் போய் நிற்பதைப் பலரும் விரும்புவதில்லை. நம்மவருக்கு இது வறட்சியாகத் தெரியும். ஆனால் இதற்குள் ஓர் உறுதி இருக்கிறது: நாள் குறித்தபின் அவர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. "காபி குடிக்கப் போகவேண்டும்" என்று யாராவது சொல்லும்போது சிரித்துத் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். அங்கேயே கைப்பேசியை எடுத்து வியாழன் நான்கு மணி சரியா என்று கேளுங்கள். அதிகப்பிரசங்கம் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் உங்களைப் போன்றவர்களுக்கு வரும். உளவியலாளர் எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல்முறை பேசிக்கொண்ட இருவரில் ஒவ்வொருவரும், எதிராளிக்குத் தன்னைப் பிடித்திருக்கும் அளவை உண்மையில் இருப்பதைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் தங்கிய மாணவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்ததையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே பேசி முடித்தபின் உங்களுக்குத் தோன்றும் "சரியாகப் பேசவில்லையே" என்ற எண்ணத்தைச் சாட்சியாக ஏற்கவேண்டியதில்லை.

கோட்டிங்கனில் இன்னொரு நல்ல வழக்கம் இருப்பதை அறிந்திருப்பீர்கள். முனைவர் பட்டம் பெறுபவரை அலங்கரித்த வண்டியில் இழுத்துச் சென்று, பழைய நகரமன்றத்தின் முன்னால் உள்ள நீரூற்றில் நிற்கும் வாத்து மேய்க்கும் சிறுமி சிலைக்கு முத்தமிடச் செய்வார்கள். அதற்குமுன் ஆய்வகத்துக்காரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு தொப்பி செய்வார்கள். அவருடைய ஆய்வு, அவர் உடைத்த கருவி, அவர் ஓயாமல் சொல்லும் வாசகம் எல்லாம் அட்டையிலும் பசையிலும் அந்தத் தொப்பியில் ஏறும். இந்த ஆண்டு உங்கள் ஆய்வகத்தில் யாராவது முடிக்கப்போகிறார்கள் என்றால், தொப்பி வேலையில் நானும் சேருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிகம் பேசாதவர்களுக்கு, கையில் கோப்பையோடு நிற்கும் விருந்தைவிடக் கையில் வேலை இருக்கும் கூட்டம் எவ்வளவோ எளிது. கத்தரித்துக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். இதே காரணத்தால், ஆய்வு மாணவர் பிரதிநிதி, வாராந்தரக் கருத்தரங்கின் காபிப் பொறுப்பு போன்ற சிறிய பதவிகளைக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் துணிந்து சிபாரிசு செய்வதுண்டு. பதவி இருந்தால் அந்நியரிடம் பேச ஒரு காரணமும் இருக்கும்.

இருந்தாலும் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே வந்து போகிறவர்கள். முனைவர் பட்டத்துக்குமுன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்கு வரம்பு கட்டும் சட்டம் ஜெர்மனியில் 2007 முதல் இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களோ மிகக் குறைவு. அதனால் நன்கு பழகிய போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிகமாக ஆய்வு செய்பவர்) ஒரு நாள் ஸ்டாக்ஹோமுக்கோ சியோலுக்கோ கிளம்பிவிடுவார், நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும். ஊரை விட்டுப் போகாதவர்களோடு ஒரு தொடர்பாவது வேண்டும். அதற்கு அந்த நாட்டு வழி ஃபெரைன் எனப்படும் பதிவுபெற்ற சங்கம்.

ஜெர்மனியில் இப்படிப்பட்ட சங்கங்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஏழு பேர் சேர்ந்தால் ஒன்றைப் பதிவு செய்யலாம். சேர்ந்து பாடுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், மலையேறுபவர்கள், முயல் வளர்ப்பவர்கள், நகர எல்லையில் துண்டு நிலத்தில் தோட்டம் போடுபவர்கள் என்று ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஆண்டுக் கூட்டம், சந்தா. நம் ஊரில் தெருவும் உறவும் கோயிலும் செய்யும் வேலையை அங்கே பெருமளவு இந்தச் சங்கங்கள் செய்கின்றன என்பதை வெளிநாட்டு மாணவர்கள் பலர் கடைசி ஆண்டில்தான் கண்டுகொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாரோடும் ஒட்டாதவராகத் தெரியும் ஒரு மனிதர், செவ்வாய்க்கிழமைதோறும் முப்பது ஆண்டுகளாக ஒரே பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருப்பார்.

எதில் சேர்வது என்பதைவிட எப்படிப்பட்டதில் சேர்வது என்பதில் கவனமாக இருங்கள். ஐம்பது பேர் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்துவிட்டுக் கலையும் வகுப்பில் ஓராண்டு போனாலும் ஒரு பெயர்கூடத் தெரியாது. வாரந்தோறும் அதே ஆட்கள் வரவேண்டும்; நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் ஒருவருக்காவது அது தெரியவேண்டும். இணையாக ஆடும் பூப்பந்து, ஜோடியாகக் கயிறு பிடிக்கும் சுவரேற்றம், குரல் குறைந்தால் கேட்டுவிடும் சிறிய பாடகர் குழு இவையெல்லாம் அந்த வகை. பல்கலைக்கழகங்களின் விளையாட்டுப் பிரிவில் மாணவராகப் பதிந்தவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பாடகர் குழுவைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்வேன்: மொழி தெரியாமலும் ஒன்றரை மணி நேரம் அந்நியர்களோடு ஒரே மூச்சில் இருக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. அங்கே உச்சரிப்பை எல்லாருக்கும்தான் திருத்துவார்கள்; பாடும்போது யாரும் உங்களிடம் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் எல்லாரும் பக்கத்து மதுவிடுதிக்குப் போவார்கள். நம் பெண்கள் பலர் அங்கேதான் விடைபெற்றுக்கொள்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிக் கிளம்பிவிடாதீர்கள், அவர்களோடு போய் உட்காருங்கள். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே என்ற பானத்தை அந்த மேசையில் நாலு பேர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஏன் பீர் குடிக்கவில்லை என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். முன்பு சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 50 மணி நேரம் சேர எட்டு மாதம் ஆகும். பின்பு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து மாதத்தில் சேர்ந்துவிடும். பாடும் நேரத்தைவிட அந்த ஒரு மணி நேரத்துக்குப் பலமும் அதிகம்.

ஜெர்மன் மொழியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கற்கவில்லை என்றே ஊகிக்கிறேன். ஆய்வுக்கு அது தேவையில்லை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அது உண்மை. வார இறுதிக்கு அது தேவை. பேக்கரிக் கடைக்காரரோடும் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பாட்டியோடும் இரண்டு வாக்கியம் பேச முடிந்தால் ஊர் உங்களைப் பார்க்கும் விதமே மாறும். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும், நகராட்சிகளின் ஆதரவில் நடக்கும் மக்கள் கல்விக்கூடங்கள் அந்நாடு முழுவதும் இருக்கின்றன. அவற்றின் மாலை வகுப்புகளை, பல்கலைக்கழகத்தின் சொந்த மொழி வகுப்புகளைவிட உங்களுக்கு நான் விரும்பிச் சொல்வேன். ஏனென்றால் அங்கே உடன் படிப்பவர்கள் ஆய்வு மாணவர்களாக இருக்க மாட்டார்கள். சிரியாவிலிருந்து வந்த தாய், போலந்துக்காரரான தச்சர், மருத்துவமனையில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் செவிலியர் போன்றவர்கள் இருப்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் பேசிப் பழக ஆள் தேவைப்படுகிறது. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களை மட்டுமே பார்த்து ஆண்டுக்கணக்கில் வாழ்வது ஆய்வு வாழ்க்கையின் விசித்திரங்களில் ஒன்று.

தமிழர் வட்டத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழு என்பது அறிவிப்புப் பலகை. அதில் நட்பு கிடைக்கவில்லை என்று வருந்தவேண்டாம். அதில் "ஞாயிறு பதினோரு மணிக்கு ஹைன்பெர்க் காட்டில் நடக்கப்போகிறேன், வர விரும்புபவர் நகர மண்டபத்தின் முன்னால் வரலாம்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் வந்தாலே போதும். யாரும் வராவிட்டாலும் நீங்கள் நடந்துவிட்டு வரலாம், நட்டமில்லை. இந்தி பேசும் கூட்டத்தைப் பொறுத்தவரை, பெரிய விழாவில் எந்த மொழிக்காரருக்கும் நட்பு கிடைப்பது அரிது. அதை மொழிச் சிக்கலாக மட்டும் பார்க்காதீர்கள்.

மாணவர் அல்லாத தமிழர்களும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். 1980களிலிருந்து அங்கே அகதிகளாக வந்து வேரூன்றிய ஈழத்தமிழர் குடும்பங்கள் பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறார்கள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் ஐரோப்பாவின் பெரிய தமிழ்க் கோயில்களில் ஒன்று; கோடைத் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள், பக்கத்தில் ஓடும் கால்வாயில்தான் தீர்த்தம். கோட்டிங்கனிலிருந்து ரயிலில் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். பக்தி இருக்கவேண்டும் என்பதில்லை. அண்ணா, அக்கா, மாமி என்று கூப்பிட ஆட்களும், காலைச் சுற்றும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் ஒரு நாள் இருந்துவிட்டு வருவதே உடம்புக்கு நல்லது. ஒன்றே ஒன்று சொல்லவேண்டும்: அவர்கள் அங்கே வந்த கதை உங்கள் கதையைப் போன்றதல்ல. உதவித்தொகையோடு விமானம் ஏறியவர்கள் அல்லர். போரைப் பற்றி முதல் சந்திப்பிலேயே விசாரிக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆங்கிலமோ அறிவியலோ சொல்லித்தர ஆள் தேவையா என்று கேட்டுப் போனால், விருந்தாளியாக இருப்பதைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்வீர்கள். நம்மவர்களோடு மட்டும் பழகினால் அந்த ஊரோடு கலக்க முடியாது என்று சிலர் உபதேசிப்பார்கள். சனிக்கிழமை தமிழில் வயிறு குலுங்கச் சிரித்தவருக்கு, செவ்வாய்க்கிழமை ஜெர்மனில் தடுமாறத் தைரியம் அதிகம் இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வார இறுதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சட்டப்படியே கடைகள் மூடியிருக்கும். டிசம்பர் பிற்பாதியில் கோட்டிங்கனில் பகல் எட்டு மணி நேரத்தை எட்டாது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஊரே உங்களுக்கு முதுகைக் காட்டுவதுபோல் தோன்றும். வெள்ளி மாலைக்கு ஒன்றும் ஞாயிறு பகலுக்கு ஒன்றுமாக முன்பே முடிவுசெய்த வேலை இருக்கட்டும்; ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போய்விடுங்கள். பழைய நகரைச் சுற்றியுள்ள மதில் பாதையில் ஒரு சுற்று நடந்தாலும் சரி. அறையில் எழுதும் வேலையை நூலகத்துக்கு எடுத்துப்போங்கள், முடிந்தால் இன்னொருவரோடு. பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்து எழுதி, நடுவில் ஒரு காபி. அந்த ஈரானியத் தோழிக்கும் எழுதவேண்டிய அத்தியாயங்கள் இருக்கும்.

அம்மாவிடம் சொல்லும் பொய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைக் கலங்கடிக்கக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் தினமும் நடிக்க வேண்டியிருப்பதால், உங்களிடம் இருக்கும் அந்த நெருக்கமும் களைப்பூட்டும் வேலையாகிவிடுகிறது. "இங்கே குளிர்காலம் கஷ்டமாக இருக்கிறதம்மா, பேச ஆள் குறைவு, அதற்கு ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை, அவரைப் பயமுறுத்துவதும் இல்லை. கோவைத் தோழியிடம் முழுவதையும் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தனிமைக்கு. அது மனச்சோர்வாக மாறியிருந்தால் பாடகர் குழு போதாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தாலோ, விடியற்காலையில் விழித்து மீண்டும் உறங்க முடியாமல் போனாலோ, சாப்பாட்டிலும் பிடித்தமான சோதனையிலும்கூட ருசி போய்விட்டாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தாலோ, தள்ளிப்போடாமல் உதவி கேளுங்கள். பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் நலச் சேவை அமைப்பு இலவசமாக மனநல ஆலோசனை தருகிறது. ஆங்கிலத்தில் பேச வசதி உண்டா என்று கேளுங்கள். 116117 என்ற எண்ணில், மருத்துவக் காப்பீட்டிலேயே மனநல சிகிச்சையாளரைச் சந்திக்க முதல் நேரத்தை ஏற்பாடு செய்வார்கள். இரவு பகல் எந்நேரமும் பேச 0800 1110111 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. நெறியாளருக்குத் தெரிந்துவிடும், விசாவைப் பாதிக்கும் என்று பல மாணவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். அந்நாட்டில் மருத்துவரும் உளவியலாளரும் உங்கள் விஷயத்தை அனுமதியின்றி வெளியே சொல்வது தண்டனைக்குரிய குற்றம். குளிர்காலத்தில் மட்டும் வரும் சோர்வாக இருந்தால், காலையில் பயன்படுத்தும் ஒளி விளக்குச் சிகிச்சை போன்ற எளிய வழிகளும் உண்டு. குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லவேண்டாம். இருண்ட மாதங்களின் நடுவில் எடுக்கும் முடிவுகளில் இருட்டுக்கும் பங்கு உண்டு. ஆய்வு பிடிக்கவில்லை, நெறியாளர் கொடுமைப்படுத்துகிறார் என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். திரும்புவது தோல்வியும் அல்ல. ஆனால் உங்களுக்குப் பிடித்த ஆய்வை, பேச ஆளில்லாத வார இறுதிகளுக்காக விடுவதாக இருந்தால், அந்த வார இறுதிகளை ஒருமுறை மாற்றிப் பார்த்தபின் செப்டம்பரில் முடிவுசெய்யுங்கள். கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரல் நடுவில் தொடங்குகின்றன. பூப்பந்து, சுவரேற்றம் போன்றவற்றுக்கு இணையத்தில் பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இடம் நிரம்பிவிடும் என்பதால், பதிவு எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை மார்ச் மாதத்திலேயே பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாடகர் குழுவுக்குப் பதிவெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. ஒத்திகை நடக்கும் மாலையில் நேரே போய், பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும்.